கன்ட்ரோலருக்கு எந்தத் தெரு?

எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர்கள் சொந்தக்காரர்களை மட்டும்தான் அடையாளம் காணும். வேறு ஊர்களில் எப்படியோ, எனக்குத் தெரியாது. இங்கே ஒரு பொருளைக் கொண்டுவந்து சொருகினால், அது தனக்கு என்ன உறவு என்று தெரிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் அதோடு பேச ஆரம்பிக்கும். அதுவரை திரையில் ‘யார்?’ என்ற ஒற்றை வார்த்தை நின்றுகொண்டிருக்கும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் வாங்கியது. கீபோர்டும் மவுசும் அதே பெட்டியில் வந்தவை, அதனால் கூடப்பிறந்தவர்கள். பிரிண்டர் பிறகு வந்தது. விசாரித்துப் பார்த்ததில் மானிட்டரின் தாய்வழியில் ஒரு தொடர்பு இருந்தது தெரியவந்து, ஒன்றுவிட்ட தம்பி என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டு பென்டிரைவ் எப்போதாவது வரும். அதைச் சம்பந்தி முறையில் வைத்திருக்கிறது. வாங்க என்று சொல்லும், உட்காரச் சொல்லும், ஆனால் எல்லா ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடாது. எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. வீடென்றால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?

என் மகள் பூரணி நாலு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வந்திருந்தாள். கூட ஒருவர் வந்திருந்தார். அவர் எங்களுக்கு யார் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பூரணி அவரைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள் என்பது வேறு விஷயம். அது சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்தில், மாடிப்படி ஏறிப்போய், கையெழுத்துப் போட்டு நடந்தது. நான் போகவில்லை. எதிர்வீட்டில் கேட்டபோது, “மெட்ராஸ்ல இருந்து வந்துருக்காங்க” என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அவரோடு நேரடியாகப் பேசும் பழக்கம் எனக்கில்லை. கூடத்தில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்குகிறது. சொல்ல வேண்டியதை அதைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். “குளிக்க வெந்நீர் போட்டிருக்கு” என்றால், காலண்டர் அதை அவரிடம் சேர்த்துவிடும். அவரும் பதிலைக் காலண்டரிடமே கொடுத்துவிட்டுப் போவார். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த மனிதர்தான். குறை சொல்லக் கூடாது.

அவருக்கு என்ன வேலை என்று காலண்டர் மூலம் விசாரித்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் தப்பு கண்டுபிடிப்பதாம். அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களாம். எங்கள் குடும்பத்தில் தப்பு கண்டுபிடிக்கிற வேலையைத் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் இலவசமாகவே செய்துவருகிறோம் என்பதால், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இப்போது அவர் கையில் இருந்த விளையாட்டில் ஒரு பையன் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி ஓடுவான். இவர் அவனை ஒவ்வொரு மாடியிலிருந்தும் வேண்டுமென்றே கீழே விழவைத்து, சரியாக எழுந்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிக்கல் வந்தது. சிக்கல் அதற்கு முன்பே பஸ்ஸில் வந்துவிட்டது என்றும் சொல்லலாம். மேல்தட்டில் யாரோ வைத்திருந்த பலாப்பழம் ஒன்று உருண்டு அவருடைய லேப்டாப் மேல் விழுந்து, அது அன்றிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது, விளையாடும்போது கையில் பிடிக்கிற கன்ட்ரோலர் மட்டும். விளையாட்டும் அதற்குள்தான் இருந்ததாம். கொடுக்காப்புளிச் சுளை மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து, நடுவில் பொத்தான்களோடு கறுப்பாக இருந்தது. அதை எங்கள் கம்ப்யூட்டரில் சொருகினால் இங்கேயே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பூரணியும் அவரும் புதன்கிழமை வரை இருப்பார்கள். முடியாவிட்டால் சாயங்கால ரயிலைப் பிடித்து, சென்னையில் ஆபீசுக்குப் போய் முடிக்க வேண்டும்.

“இங்கயே முடிஞ்சுதுன்னா இருக்கோம்பா. இல்லேன்னா போய்த்தான் ஆகணும்” என்றாள் பூரணி. அடுத்து எப்போது வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு இட்லி பிடிக்கும் என்று என் மனைவி வடிவு காலையிலேயே அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப் போட்டிருந்தாள். பெரிய பாத்திரம். இரண்டு பேருக்கு ஊறப் போடுகிற அளவு இல்லை அது.

எனக்கு அவள் இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். நாலு வருஷமாக அவள் அறையில் ஃபேன் ஓடிக் கேட்கவில்லை.

கன்ட்ரோலரின் வயரை நானே சொருகினேன். திரையில் ‘யார்?’ என்று வந்தது. பிடுங்கி மறுபடி சொருகினேன். ‘இப்போதுதானே கேட்டேன்’ என்று வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது எழுந்ததும் எழாததுமாக, ‘அந்த ஆள் இன்னும் போகவில்லையா?’ என்று கேட்டது.

வயரை மாற்றிப் பார்க்கலாம் என்றார் அவர், காலண்டரிடம். வடிவின் செல்போன் வயரைக் கொண்டுவந்து மாட்டினோம். கம்ப்யூட்டர் அந்த வயரை உடனே கண்டுகொண்டது. ‘வாங்க, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?’ என்று விசாரித்தது. ‘கூட வந்திருப்பது யார்?’ என்பதையும் வயரிடமே தனியாகக் கேட்டது.

முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத் துளையில் சொருகிப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டரைத் திருப்பி, ஒட்டடையைத் துடைத்துவிட்டுச் சொருகினேன். திரையில் எழுத்து கொஞ்சம் சின்னதாக, சமாதானமாக வந்தது. ‘அப்படியானால் கொல்லைப்புறத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் வேண்டுமானால் கொடுக்கிறேன்.’ கன்ட்ரோலரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தான் எதுவும் வேலை செய்யவில்லை. பரவாயில்லையே, இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறதே என்று நான் சந்தோஷமாகத் திரும்பினேன். பூரணி என்னைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

கொம்பையாவைக் கூப்பிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். திருப்புளி, நெற்றியில் கட்டுகிற விளக்கு, ஊரில் எல்லா வீட்டு உறவுமுறையும் மனப்பாடம். இந்தத் தொழிலுக்கு இவ்வளவும் வேண்டும். எங்கள் பிரிண்டரின் தாய்வழியைக் கண்டுபிடித்தது அவர்தான். அன்றைக்கு ஒரு வாழைத்தார் கொடுத்தனுப்பினேன்.

வந்தார், நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார்.

“வெளிநாட்டுச் சரக்கு. அது பரவால்ல அண்ணாச்சி. வெளிநாடுன்னா அது கேள்வியே கேக்காது, எந்திரிச்சு நின்னு வாங்கன்னு சொல்லும். யார் கையில இருந்து வந்துச்சுன்னுதான் பாக்கும்.”

பிறகு பூரணியோடு வந்தவரைப் பார்த்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

அவர் ஊரைச் சொன்னார்.

“அடடே, நம்ம பக்கம்தான். அதுல எந்தத் தெரு?”

அவர் தெருவைச் சொன்னார். கொம்பையா நெற்றி விளக்கை அணைத்தார். “சரி” என்றார். கன்ட்ரோலரை என் கையில் கொடுக்காமல் மேசையின் மேல் வைத்தார்.

மவுசுக்குத் தத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசனை சொன்னார். மவுசு கூடப்பிறந்த தங்கை, அதற்குத் தத்துப் பிள்ளையானால் கம்ப்யூட்டருக்கு மருமகன் முறையாகிவிடும், பேசித்தான் ஆக வேண்டும். மேசையில் ஒரு வெற்றிலையை விரித்து, கன்ட்ரோலரையும் மவுசையும் அதன் இரண்டு பக்கமும் வைத்தோம். மவுசின் சம்மதத்தைக் கேட்டார் கொம்பையா. திரையில் இருந்த அம்பு மெதுவாக நகர்ந்து, வலது மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டது.

“புள்ள இல்லாட்டியும் பரவால்லங்கு” என்றார் கொம்பையா.

வேறு வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாமா என்று காலண்டரிடம் கேட்டார் அவர். காலண்டர் என் பக்கம் திரும்பியது. அதெப்படி முடியும்? எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்காவது வாயில்லை. அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் நெட் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறவை. பூரணி கல்யாண விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும், தெரியும் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அதைக் கட்டிக் காக்க இரண்டு தரப்பும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா?

“ஒரே வழிதான் இருக்கு அண்ணாச்சி” என்றார் கொம்பையா. “வீட்டுக்குப் பெரியவங்க வாயால, இது இன்ன முறைன்னு அதுகிட்டச் சொல்லணும். சொன்னா ஏத்துக்கிடும்.”

“ஏத்துக்கிடலேன்னா?”

“இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அதனால தெரியல.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, “தெரிஞ்சவங்களோடது” என்றேன்.

‘எப்படித் தெரியும்?’ என்று வந்தது.

“மெட்ராஸ்காரங்க.”

‘மெட்ராஸில் நமக்கு யார் இருக்கிறார்கள்?’

“பூரணிக்கு வேண்டியவங்க.”

‘பூரணிக்கு வேண்டியவர்கள் நமக்கு என்ன முறை?’

இவ்வளவு நேரமும் மரியாதையாகத்தான் கேட்டது. அதன் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பேன். இப்படித்தான் கேட்டுமிருக்கிறேன். அப்போது உள்ளறையில் பெட்டியின் ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது. நீளமான ஜிப். ஒரு பக்கம் முழுக்க ஓடி, மூலையில் கொஞ்சம் மாட்டி, மறுபக்கம் திரும்பியது.

வடிவு சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஊறிய உளுந்து. “ஏங்க, இத என்ன செய்யட்டும்? கொட்டிரவா? சொல்லுங்க, கொட்டிருதேன்” என்றாள். அவள் இவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் பழக்க தோஷத்தில் காலண்டரைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. அதில் எழுதியிருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும்தான். திரும்பி, திரையைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“என் மாப்பிள்ளையோடது. அவர் பேரு அதியன்.”

ஜிப் சத்தம் நின்றது. கொம்பையா திருப்புளியைப் பைக்குள் வைத்தார். கம்ப்யூட்டருக்குள்ளே விசிறி வேகமாகச் சுற்றியது. பிரிண்டர், யாரும் கேட்காமலேயே, ஒரு வெற்றுத் தாளை வெளியே தள்ளியது.

பிறகு திரையில் எழுத்து வந்தது. ‘அப்படியா. நல்லது.’

கன்ட்ரோலரின் சிவப்பு விளக்கு அணைந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. ‘இவ்வளவு நேரம் பேசுகிறீர்களே, நீங்கள் யார்?’

என் பெயரை அடித்தேன். கீபோர்டில் என் விரல் பட்ட எந்த எழுத்தும் திரையில் விழவில்லை. மவுசைப் பிடித்தேன், அம்பு அசையவில்லை. கொம்பையா எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உங்களையே ஒதுக்கி வச்சிட்டுது” என்றார்.

வடிவு காபி கொண்டுவந்தாள். “இப்பத்தான் குடிச்சேன் மைனி, இன்னொரு நாள் ஆகட்டும்” என்று சொல்லி, செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே போனார் கொம்பையா. எங்கள் வீட்டில் காபி குடிக்காமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. அந்தக் காபியை அதியனிடம் நானே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

“பரவால்ல மாமா. ரயிலுக்கு நேரம் இருக்கு” என்றார். காலண்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“ரயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றாள் வடிவு. “கிரைண்டர்ல சொருகிப் பாருங்க. அது யாரையும் கேக்காது. போட்டத அரைக்கும்.”

எங்களுக்குக் கல்யாணமான வருஷத்துக் கிரைண்டர் அது. ஆட்டுக்கல் வைத்த பெரிய கிரைண்டர். அதன் வயிற்றுப் பக்கம் தட்டையாக ஒரு சின்னத் துளை உண்டு. எதற்கென்று எங்களுக்கு இதுவரை தெரியாது. எறும்பு போகாமலிருக்க வடிவு அதில் ஒரு துணியைத் திணித்து வைத்திருந்தாள். துணியை உருவிவிட்டு அதியன் வயரைச் சொருகினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. வடிவு அரிசியைப் போட்டாள், ஒரு கை தண்ணீர் விட்டாள், சுவிட்சைப் போட்டாள்.

கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது. மாவு கொஞ்சம் கூடிவந்ததும் அதில் வெள்ளையாக மாடிகள் எழும்பின. ஒரு பையன் தாவித் தாவி ஓடினான். அதியன் அவனை ஒவ்வொரு மாடியாகத் தள்ளிவிட்டார். அவன் விழுந்து எழுந்தான். கல் சுற்றிக்கொண்டே இருந்தது. பூரணி பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஓரத்தில் ஏறுகிற மாவை உள்ளே தள்ளிக்கொடுத்தாள். சின்ன வயதில் இதற்குத்தான் அவள் அம்மாவோடு சண்டை போடுவாள்.

நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மேலேயிருந்து பார்த்தேன். இருட்டு மூலையில் இருக்கிற மீட்டரையெல்லாம் படித்த கண். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும்போது மட்டும் பையனுக்கு நிழல் விழவில்லை என்பதை நான்தான் கண்டுபிடித்தேன்.

“ஆமா மாமா! நான் கவனிக்கவே இல்ல” என்றார் அதியன்.

“மாடிப்படியில கைப்பிடி இல்ல. அதையும் எழுதுங்க. யாராவது விழுந்துட்டா?”

“அவன் விழத்தான் செய்யணும் மாமா.”

“இருக்கட்டும். வயசானவங்க வந்தா?”

அதையும் போனில் எழுதிக்கொண்டார். இலவசமாகச் செய்கிற வேலை என்றாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. உளுந்து அரைக்கும்போது விளையாட்டு இன்னும் நன்றாக ஓடியது. விழுந்தால் அடிபடாத மாதிரி மாடியெல்லாம் மெத்துமெத்தென்று இருந்தது. வடிவு, “இந்தத் தடவ உளுந்து நல்லா பொங்கி வந்துருக்கு” என்றாள். ரயில் போகிற சத்தம் கேட்டபோது நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலையில் இட்லிகளின் மேல் சின்னச் சின்னப் பாதச் சுவடுகள் இருந்தன. பூரணி சட்னியைத் தொட்டு ஏழெட்டு சாப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக் கணக்கு எழுதலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். ‘யார்?’ என்று கேட்டது.

“அதியனோட மாமனார்” என்றேன்.

‘எந்த அதியன்?’ என்றது.

நான் அதன் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, கிரைண்டரைக் கழுவப் போனேன். கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றும்போது வேலிப் பக்கம் கொம்பையா நின்றிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க வீட்டு கிரைண்டர் காலையில இருந்து ஓட மாட்டேங்கு. மாப்பிள்ள ஊருக்கு வந்துருக்காராமே, விருந்துக்கு எப்ப வாராருன்னு கேக்கு. எங்க வீட்டுது மட்டுமில்ல, தெருவுல எல்லா வீட்டுலயும் இதே சத்தம்தான்” என்றார்.

புது மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாக விருந்துக்கு அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். நாலு வருஷம் தாமதம், அவ்வளவுதான். கிரைண்டர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

“அதுக்கு எதுக்கு கொம்பையா கொல்லப்பக்கமா வாரீரு? கூப்பிடணும்னா வாசல் வழியா வந்து கூப்பிடச் சொல்லும், உம்ம கிரைண்டர” என்றேன்.

சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கொம்பையா வீட்டுக் கிரைண்டர் வந்தது. தெரு முழுக்கப் பார்க்க, நடுத்தெருவில், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வைத்துக்கொண்டு வந்தது. கல் உள்ளேயே இருந்ததால் மெதுவாகத்தான் வர முடிந்தது. எங்கள் வாசல்படி ஏறும்போது கொஞ்சம் தடுமாறியது. மாப்பிள்ளைதான் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.